ரூட் செய்யலாமா? கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வரும் கேள்விகள் சில உண்டு. எந்த லேப்டாப் வாங்கலாம், போன் ஏன் சூடாகிறது, அப்புறம் இது: "போனை ரூட் பண்ணலாமா?" முதல் இரண்டுக்கும் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதுக்கு முடியாது. கேள்வியே மூன்று நான்கு விஷயங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ஆர்வலர்கள் சொல்வது: "காசு கொடுத்து வாங்கின போன். அதுல முழு அதிகாரம் நமக்கு இல்லைன்னா அது எப்படி நம்ம போன்?" மற்றவர்கள் சொல்வது: "ரூட் பண்ணினா பாதுகாப்பு போச்சு. பேங்க் ஆப் ஓடாது. கம்பெனி கொடுத்த மாதிரியே வெச்சிருங்க." இரண்டையும் பல வருடங்களாகப் படித்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு சமன்பாடு கிடக்கிறது. முதல் கட்சிக்கு, உடைமை என்றால் ரூட். இரண்டாம் கட்சிக்கு, பாதுகாப்பு என்றால் கம்பெனி கொடுத்தபடியே இருப்பது. இரண்டு சமன்பாடும் தவறு என்பது என் வாதம்.

மூன்று வேலை, ஒரே பெயர்

பேச்சு வழக்கில் 'ரூட் பண்றது' என்று சொல்வதில் மூன்று தனித்தனி வேலைகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, பூட்லோடரைத் திறப்பது. போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சிறு நிரல்தான் பூட்லோடர். அடுத்து ஏற்றப்போகும் இயங்குதளத்தில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். அதைத் திறந்துவிட்டால், யார் உருவாக்கிய இயங்குதளமாக இருந்தாலும் ஏற்றும். திறக்கும்போது போனில் உள்ள உங்கள் தரவு மொத்தமும் அழியும். இது தண்டனை இல்லை. போனைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து உங்கள் படங்களை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

இரண்டாவது, இயங்குதளத்தையே மாற்றுவது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. அதை எடுத்து, குறிப்பிட்ட போனுக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பவைதான் கஸ்டம் ரோம்கள். லினியேஜ் ஓஎஸ், கிராபீன் ஓஎஸ் எல்லாம் இந்த வகை.

மூன்றாவதுதான் ரூட். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள பயனரின் பெயர் ரூட். அந்த அதிகாரத்தைச் செயலிகள் கேட்டுப் பெறும்படி ஒரு வழி செய்து கொடுப்பதுதான் போனை ரூட் செய்வது. இன்று இதற்கு அதிகம் பயன்படும் கருவி மேஜிஸ்க்.

இதில் கவனிக்க வேண்டியது: முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்யாமலே இருக்கலாம். லினியேஜ் ஓஎஸ் நிறுவினால் ரூட் தானாகக் கூட வராது. கிராபீன் ஓஎஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ரூட் வேண்டவே வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். மாற்று இயங்குதளங்களிலேயே பாதுகாப்பில் அதிக கறார் காட்டுபவர்கள் அவர்கள்தான். 'போனைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்' என்பவர்களே 'ரூட் செய்யாதீர்கள்' என்கிறார்கள் என்றால், உடைமையும் ரூட்டும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒருகாலத்தில் அது தேவையாக இருந்தது

ரூட் ஆர்வத்தை வெறும் விளையாட்டுத்தனம் என்று ஒதுக்குபவர்களுடனும் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கு ஒரு நியாயமான வரலாறு இருக்கிறது.

முதல் ஆண்ட்ராய்ட் போன் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. டி-மொபைல் ஜி1, தயாரித்தது எச்டிசி. அடுத்த மாதமே அதில் ஒரு வேடிக்கையான பிழை கண்டுபிடிக்கப்பட்டது. விசைப்பலகையில் என்ன தட்டினாலும், அது திரையில் உள்ள செயலிக்குப் போவதோடு, பின்னால் ரூட் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளைச் சாளரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. யாருக்காவது அனுப்பும் செய்தியில் 'ரீபூட்' என்று தட்டி எண்டர் அழுத்தினால் போன் அணைந்து மறுபடி எழும். கூகுள் உடனே சரிசெய்தது. ஆனால் அந்த ஓட்டை வழியாக உள்ளே போனவர்கள்தான் ரூட் கலாசாரத்தின் முதல் தலைமுறை. 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜன்மாட் அந்தப் போனிலிருந்துதான் வளர்ந்தது.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. ஆண்ட்ராய்ட் 2.2, 2.3 காலத்துப் போன்கள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினி உலாவியின் ரகசிய அமைப்புப் பக்கத்துக்குப் போய், எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லும் ஒரு தேர்வை மாற்றினால் இணையப் பக்கங்களை மட்டும் படிக்கலாம். குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதிலும் தமிழ் வராது. போன் முழுக்கத் தமிழ் தெரிய வேண்டுமென்றால் சிஸ்டம் பகுதிக்குள் எழுத்துருக் கோப்பை வைக்க வேண்டும். அதற்கு ரூட் வேண்டும். எழுத்துருவை வைத்த பிறகும் 'கெ' எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் நிரல்பகுதி உள்ளே இல்லாததுதான் காரணம். அதையும் மாற்றிய ரோம்களைத் தேடிப் போட்டவர்கள் உண்டு. தாய்மொழியில் படிப்பதற்காகப் போனை உடைத்துத் திறந்தவர்களைப் பார்த்து 'விதிமீறல்' என்று யார் சொல்ல முடியும்?

அந்தக் காலத்தில் திரையைப் படம் பிடிக்கக்கூட பல போன்களில் ரூட் தேவைப்பட்டது. செயலிகளின் அனுமதிகளைத் தனித்தனியாக மறுக்க முடியாது. விளம்பரத்தைத் தடுக்க முடியாது. கம்பெனி திணித்த செயலிகளை நீக்க முடியாது.

இப்போது அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். திரைப்படம் பிடிப்பது ஆண்ட்ராய்ட் 4.0-இலிருந்து உள்ளேயே இருக்கிறது. அனுமதிகளைத் தனித்தனியாகக் கொடுப்பதும் மறுப்பதும் ஆண்ட்ராய்ட் 6-இல் வந்தது. ஆண்ட்ராய்ட் 9-இல் தனிப்பட்ட டிஎன்எஸ் வசதி வந்தபின், விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் முகவரி ஒன்றை அமைப்புகளில் எழுதினாலே பெரும்பகுதி விளம்பரம் நின்றுவிடும். திணிக்கப்பட்ட செயலிகளை, கணினியோடு போனை இணைத்து ஏடிபி கருவி மூலம் நம் பயனர் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். தமிழ் எழுத்து பற்றிச் சொல்லவே வேண்டாம். நம்மில் பாதிப்பேர் இதைப் போனில்தான் படித்துக்கொண்டிருப்போம்.

ஆக, 2011-இல் ரூட் செய்யச் சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனால் பழைய பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு 'ரூட்டின் பத்து நன்மைகள்' என்று எழுதுவது மட்டும் நின்றபாடில்லை. மிச்சமிருக்கும் உண்மையான காரணங்கள் சில: செயலிகளின் தரவோடு சேர்த்து முழுக் காப்புப் பிரதி எடுப்பது, கெர்னலைத் தொடுவது, பேட்டரி எத்தனை சதவீதத்தில் சார்ஜ் ஆவதை நிறுத்த வேண்டும் என்று நாமே வைப்பது, ஒரு செயலி உள்ளே என்ன செய்கிறது என்று ஆராய்வது. ஆராய்ச்சி செய்பவருக்கு இவை பெரிய விஷயங்கள். மற்றவர்களுக்கு, மனசாரச் சொல்லுங்கள், வருடத்தில் எத்தனை முறை தேவைப்படும்?

ரூட் உண்மையில் எதைத் திறக்கிறது

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி லினக்ஸ் பயனர் எண் உண்டு. ஒரு செயலியின் கோப்புகளை இன்னொன்று பார்க்க முடியாது. லாட்ஜில் ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு இருப்பதைப் போல. ஆண்ட்ராய்ட் 5-இலிருந்து எஸ்இலினக்ஸ் என்ற இன்னொரு அடுக்கும் முழுமையாக அமலில் இருக்கிறது. ரூட் அதிகாரத்தோடு ஓடும் சிஸ்டம் நிரல்களைக்கூட 'நீ இதை மட்டும்தான் தொடலாம்' என்று அது கட்டிப்போடுகிறது.

போனை ரூட் செய்தால் இந்த ஏற்பாட்டின் நடுவில், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஒரு அறையைக் கட்டி, அதற்கு ஒரு கதவு வைக்கிறோம். கதவைத் தட்டும் செயலிக்கு அனுமதி கொடுக்கலாமா என்று மேஜிஸ்க் நம்மிடம் கேட்கும். "நான் கவனமா இருப்பேன், தெரியாத செயலிக்குக் கொடுக்க மாட்டேன்" என்பது ஆர்வலர்களின் பதில். நியாயமான பதில்தான். ஆனால் கேள்வி உங்கள் கவனத்தைப் பற்றி மட்டும் இல்லை. நீங்கள் நம்பிக்கையோடு ரூட் கொடுத்த காப்புப் பிரதிச் செயலியில் ஒரு பிழை இருந்தால்? நாளைக்கு அதன் ஆசிரியர் அதை வேறு யாருக்காவது விற்றுவிட்டால்? சாதாரணச் செயலியில் உள்ள பிழை அந்தச் செயலியின் அறையோடு நிற்கும். ரூட் உள்ள செயலியின் பிழை லாட்ஜ் முழுக்கப் போகும்.

இது கற்பனை பயம் இல்லை என்பதற்கு 2011 மார்ச்சில் நடந்த ட்ராய்ட்ட்ரீம் விவகாரமே போதும். கூகுளின் சொந்த ஆண்ட்ராய்ட் சந்தையிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளில் ஒரு தீநிரல் ஒளிந்திருந்தது. போனுக்குள் போனதும் முதல் வேலையாக அது போனை ரூட் செய்தது. அதற்குப் பயன்படுத்திய இரண்டு ஓட்டைகளும் ஆர்வலர்கள் தங்கள் போன்களை ரூட் செய்யப் பயன்படுத்திய அதே ஓட்டைகள். 2016-இல் வெளிவந்த டர்ட்டி கவ் என்ற லினக்ஸ் கெர்னல் பிழைக்கும் இதே கதை. 2007-இலிருந்து கெர்னலில் இருந்த பிழை அது. ஆர்வலர்கள் அதை வைத்து ரூட் கருவி செய்தார்கள், மறு வருடமே தீநிரல் எழுதுபவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். கதவு திறந்தால் யார் வருகிறார்கள் என்று கதவுக்குத் தெரியாது.

அதனால்தான் 'ஒரே தட்டலில் ரூட்' என்று வரும் செயலிகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தையே இல்லை. அவை செய்வது, சரிசெய்யப்படாத ஒரு ஓட்டை வழியாகப் புகுந்து, மூலநிரலைக் காட்டாமல், முழு அதிகாரத்தையும் தங்கள் கையில் வைத்துக்கொள்வது. பூட்லோடரை முறைப்படி திறந்து செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், வீட்டுக்காரர் சாவி போட்டுத் திறப்பதற்கும் ஓட்டைப் பிரித்து இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

இனி மறுபக்கம்: எது 'பாதுகாப்பு'?

இவ்வளவும் படித்துவிட்டு 'அப்போ கம்பெனிக்காரங்க சொல்றதுதான் சரி' என்று முடிவுக்கு வந்தால் அதுவும் அவசரம்தான்.

வங்கிச் செயலிகள் போனை எப்படிச் சோதிக்கின்றன என்று பாருங்கள். பலவும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சேவையைக் கேட்கின்றன. முன்பு சேஃப்டிநெட் என்ற பெயரில் இருந்ததன் அடுத்த வடிவம் இது. பதில் மூன்று படிகளில் வரும்: அடிப்படை, சாதனம், வலுவானது. இதில் நடுப்படி கேட்பது, இது கூகுள் சான்று பெற்ற சாதனமா, பூட்லோடர் பூட்டியிருக்கிறதா என்பதைத்தான். கடைசியாக எப்போது பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி 2025-இல்தான் சேர்க்கப்பட்டது. அதுவும் மேல்படிக்கு மட்டும், அதிலும் ஆண்ட்ராய்ட் 13-உம் அதற்குப் பிந்தையதும் ஓடும் போன்களுக்கு மட்டும்.

விளைவு என்ன? ஆண்ட்ராய்ட் 10-லேயே நின்றுபோய், வருடக்கணக்கில் ஒரு ஒட்டுகூட வராமல், வெளியுலகுக்குத் தெரிந்த நூற்றுக்கணக்கான பிழைகளோடு ஓடும் போன் 'சாதனம்' படியில் தேறிவிடுகிறது. போன வாரம் வந்த ஒட்டுவரை போட்ட, பூட்லோடர் பூட்டிய, ரூட் இல்லாத கிராபீன் ஓஎஸ் போன் தேறுவதில்லை. இந்தச் சோதனை பாதுகாப்பை அளக்கிறது என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அது அளப்பது சான்றிதழை. வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல், ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது மாதிரி.

ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் மின்னணுப் பணப் பரிவர்த்தனைப் பாதுகாப்பு பற்றி ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதில் ரூட் செய்த போன்களைப் பற்றியும் வருகிறது. செயலியை நிறுவும் முன் போன் ரூட் செய்யப்பட்டதா என்று சோதித்து, ஆம் என்றால் தடுக்கும் வசதியின் சாத்தியத்தை வங்கிகள் ஆராயலாம் என்ற அளவில்தான் அந்த வாசகம் இருக்கிறது. நடைமுறையில் சில செயலிகள் அதையும் தாண்டிவிட்டன. போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தாலே ஓட மறுக்கும் வங்கிச் செயலி ஒன்றை நானே வைத்திருக்கிறேன். செயலி எழுதுவது என் தொழிலாக இருப்பதால், பணம் அனுப்புவதற்கு முன் அதை மூடுவதும் பிறகு திறப்பதும் எனக்கு அன்றாட வேலையாகிவிட்டது.

சரி, இத்தனை சோதனைக்குப் பிறகு பணம் போவது நின்றதா? வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பு, போக்குவரத்து அபராதம் என்று வரும் இன்னொன்று, 'ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க சார்' என்று வரும் அழைப்பு. இதில் எதற்கும் ரூட் தேவையில்லை. கம்பெனி கொடுத்தபடியே இருக்கும், எல்லாச் சோதனையிலும் தேறும் போனில், பயனரே அனுமதி கொடுத்து நடப்பவை இவை.

மஞ்சள் என்று ஒரு நிறம்

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அதுதான்.

ஆண்ட்ராய்டின் சரிபார்க்கப்பட்ட தொடக்கம் என்ற ஏற்பாட்டில் நான்கு நிலைகள் இருக்கின்றன. பச்சை என்றால் தயாரிப்பாளரின் கையொப்பம், பூட்டிய பூட்லோடர். சிவப்பு என்றால் கோளாறு, போன் எழாது. ஆரஞ்சு என்றால் பூட்லோடர் திறந்திருக்கிறது, யாருடைய கையொப்பமும் சோதிக்கப்படுவதில்லை. இந்த நிலையில் போன் ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கை சும்மா இல்லை. கொஞ்ச நேரம் உங்கள் போன் வேறொருவர் கையில் இருந்தால், அவர் மாற்றிய இயங்குதளம் ஒன்றை ஏற்றிவிட்டுப் போகலாம். உங்கள் தரவு மறையாக்கத்தில் இருப்பதால் அப்போதைக்கு எதுவும் தெரியாது. நீங்கள் வந்து கடவுக்குறியீட்டைப் போட்டதும் அதுவும் போய்விடும்.

நான்காவது நிலை மஞ்சள். பயனர் தன் சொந்தச் சாவியைப் போனில் பதிந்து, பூட்லோடரை மறுபடி பூட்டிவிடலாம். அதன்பின் அந்தச் சாவியால் கையொப்பமிட்ட இயங்குதளம் மட்டும்தான் எழும். கூகுளின் பிக்சல் போன்களில் இது வேலை செய்கிறது. கிராபீன் ஓஎஸ் நிற்பதே இந்த அடித்தளத்தில்தான். பச்சையில் கிடைக்கும் அதே சோதனை, ஆனால் யாரை நம்புவது என்று முடிவு செய்தவர் போனின் உரிமையாளர்.

பாதுகாப்பா, உடைமையா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே உடைந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும். பொறியியல் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இன்னும் சொன்னால், போனின் பாதுகாப்புச் சில்லு தரும் வன்பொருள் சான்றில், எந்தச் சாவியால் எழுந்த இயங்குதளம் என்ற விவரமும் இருக்கும். ஒரு வங்கி நினைத்தால் அந்தச் சாவிகளில் நம்பகமானவற்றைத் தன் பட்டியலில் சேர்த்து, கூகுளைக் கேட்காமலே போனைச் சோதிக்க முடியும். செய்யாமல் இருப்பது தொழில்நுட்பத்தின் குறை இல்லை. அக்கறை இல்லாததன் குறை.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மஞ்சளைக் கொடுப்பதில்லை. சிலர் ஆரஞ்சையே கொடுப்பதில்லை. ஹுவாவே 2018-இல் பூட்லோடர் திறக்கும் குறியீடு தருவதை நிறுத்தியது. ஷாவ்மி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கச் சொல்லும், பல போன்களுக்கு 168 மணி நேரம். சாம்சங் போன்களில் ஒரு மின்உருகி இருக்கிறது. அங்கீகரிக்கப்படாத இயங்குதளம் ஒருமுறை ஏறினால் அது எரிந்துவிடும். பிறகு பழையபடி எல்லாவற்றையும் மாற்றி வைத்தாலும், பத்திரக் கோப்புறை போன்ற வசதிகள் அந்தப் போனில் திரும்ப வராது.

ஒளிந்து விளையாடும் ஆட்டம்

கம்பெனிகளின் சோதனை ஒருபக்கம் கோணல் என்றால், ஆர்வலர்களின் பதில் இன்னொரு பக்கம் கோணல். மேஜிஸ்க்கை 2016-இல் உருவாக்கிய ஜான் வூ, சிஸ்டம் பகுதியைத் தொடாமலே ரூட் கொடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். நேர்த்தியான பொறியியல் அது. ரூட் இருப்பதைச் செயலிகளிடமிருந்து மறைக்கும் வசதியும் அதில் இருந்தது. 2021-இல் அவர் கூகுளின் ஆண்ட்ராய்ட் பாதுகாப்புக் குழுவிலேயே வேலைக்குச் சேர்ந்தார், மறைக்கும் வசதியைக் கைவிட்டார். மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

இன்று அந்த ஆட்டம் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? சோதனை வன்பொருள் சான்றுக்கு மாறிய பிறகு, ஏதோ ஒரு தயாரிப்பாளரிடமிருந்து கசிந்த சாவிக் கோப்பை டெலிகிராம் குழுக்களில் தேடி எடுத்து, தங்கள் போனில் போட்டு, 'இது நம்பகமான சாதனம்' என்று காட்டுகிறார்கள். கூகுள் அந்தச் சாவியை ரத்து செய்யும். மறுபடி தேடல். இதற்கு நடுவில், முகம் தெரியாதவர் எழுதிய, ரூட் அதிகாரத்தோடு ஓடும் மாட்யூல்கள் நாலைந்து போனில் ஏறியிருக்கும். அதே போனில் யுபிஐ செயலியும் இருக்கும்.

இதைச் சுதந்திரம் என்று சொல்வதில்தான் எனக்குச் சிக்கல். கூகுளை நம்ப மறுத்துவிட்டு, அதைவிடக் குறைவாகத் தெரிந்த பத்துப் பேரை நம்புகிறோம். நம்பிக்கையை யார் மீது வைப்பது என்று நாம் தேர்ந்தெடுப்பதுதான் சுதந்திரம் என்றால், அந்தத் தேர்வைக் கண்ணைத் திறந்துகொண்டு செய்ய வேண்டாமா?

பழைய போனின் கட்சி

மாற்று இயங்குதளத்துக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த மிக வலுவான வாதம் தனிமனித உரிமை பற்றியது இல்லை. பழைய போன் பற்றியது. சாம்சங் கேலக்ஸி எஸ்5 2014-இல் ஆண்ட்ராய்ட் 4.4-உடன் வந்தது. சாம்சங் கொடுத்த புதுப்பிப்பு 6.0.1-உடன் நின்றது. தன்னார்வலர்களின் உழைப்பால் அதன் பல மாடல்களில் லினியேஜ் ஓஎஸ் வழியாக ஆண்ட்ராய்ட் 11 ஓடியது. கண்ணாடியும் உலோகமும் நன்றாக இருக்கும் ஒரு பொருளை, மென்பொருள் நின்றுவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போடாமல் காப்பாற்றிய வேலை இது.

நிறுவனம் போனாலும் மூலநிரல் நிற்கும் என்பதற்கும் இங்கேயே பாடம் உண்டு. சயனோஜன்மாடை வைத்து 2013-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஒன்ப்ளஸ் ஒன் போன் அந்த இயங்குதளத்தோடு வந்தது. இந்தியாவில் மைக்ரோமேக்ஸுடன் தனி ஒப்பந்தம் போட்டதால் 2014 டிசம்பரில் வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனது. 2016 கடைசியில் அந்த நிறுவனம் தன் சேவைகளை மூடியது. சில நாட்களிலேயே அதே மூலநிரலிலிருந்து லினியேஜ் ஓஎஸ் கிளம்பியது.

ஆனால் இங்கேயும் ஒரு அளவு உண்டு. ரோம் புதுப்பிக்கப்படுவது ஆண்ட்ராய்டின் மேல்பகுதிதான். மோடம் நிரல், சில்லுத் தயாரிப்பாளர் தரும் மூடிய ட்ரைவர்கள் எல்லாம் கம்பெனி கைவிட்ட நாளிலேயே நின்றுவிடும். லினியேஜ் ஓஎஸ்ஸே இதை மறைப்பதில்லை. அதன் ட்ரஸ்ட் பக்கத்தில் ஆண்ட்ராய்ட் ஒட்டின் நிலை ஒன்றும், தயாரிப்பாளர் ஒட்டின் நிலை இன்னொன்றுமாகத் தனித்தனியாகக் காட்டும். பழைய போனில் முதல் வரி பச்சையாகவும் இரண்டாவது வரி சிவப்பாகவும் இருக்கும். 'புதுப் போன் ஆகிவிட்டது' என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அதோடு, பெரும்பாலான போன்களில் நீங்கள் ஆரஞ்சு நிலையில்தான் இருப்பீர்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

கேள்வியைப் பிரித்தாகிவிட்டது, பதிலையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் போனுக்குக் கம்பெனி புதுப்பிப்பு இன்னும் வருகிறது, அதில் பணப் பரிவர்த்தனை செய்கிறீர்கள் என்றால், ரூட் வேண்டாம். விளம்பரத்துக்குத் தனிப்பட்ட டிஎன்எஸ், வேண்டாத செயலிகளுக்கு ஏடிபி. முக்கால்வாசி எரிச்சல் இதிலேயே தீரும்.

புதுப்பிப்பு நின்று வருடக்கணக்காகிவிட்டது, பூட்லோடரைத் திறக்க முடியும், அதிகாரபூர்வமான லினியேஜ் ஓஎஸ் இருக்கிறது என்றால், மாற்றுங்கள். ஆனால் ரூட் சேர்க்காதீர்கள், வங்கி வேலையை அந்தப் போனில் வைக்காதீர்கள். பாட்டுக் கேட்க, படிக்க, குழந்தைகளுக்கு அகராதி பார்க்க அது தாராளமாகப் போதும். என் வீட்டில் ஒரு போன் இப்படித்தான் ஓடுகிறது.

கற்றுக்கொள்ள வேண்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றால், ரூட் செய்யுங்கள். தனியாக ஒரு பழைய போனில், சிம் இல்லாமல், முக்கியமான கணக்கு எதுவும் இல்லாமல். என்னிடமும் அப்படி ஒன்று மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எந்தச் செயலி எங்கே பேசுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை.

கம்பெனியையும் கூகுளையும் அன்றாடப் போனிலேயே விலக்கி வைக்க வேண்டும் என்றால், மஞ்சள் நிலை கிடைக்கும் போனாகப் பார்த்து வாங்கி, அதற்கேற்ற இயங்குதளத்தைப் போடுங்கள். உங்கள் வங்கிச் செயலி அதில் ஓடுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருடப் புதுப்பிப்பு என்று அறிவித்தபின், 'இனி கஸ்டம் ரோம் எதற்கு' என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். விலை உயர்ந்த போன் வாங்குபவருக்கு அந்தக் கேள்வி சரி. பத்தாயிரம் ரூபாய்ப் போன் வாங்குபவருக்கு ஏழு வருட வாக்குறுதி எதுவும் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் அவர் போன் கைவிடப்படும். அதற்குப் பிறகும் அதிலேயே யுபிஐ ஓடும், ஆதார் ஓடிபி வரும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி வரும். 'சாதனம்' படிச் சோதனை அதற்குத் தேர்ச்சி என்றே சொல்லும். அந்தப் போனுக்குப் புதுப்பிப்பு கொடுப்பதை நிறுத்தும் நாளில், பூட்லோடர் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தினால் என்ன? ரூட் பற்றிய சண்டையில் செலவாகும் ஆற்றலில் பாதியை இந்தக் கேள்விக்குச் செலவிடலாம் என்பது என் எண்ணம்.